பகலில் ஆளில்லாத வீடு

வீட்டுக் கூரையில் சோலர் போடுவதா விடுவதா என்ற கதை தொடங்கியபோது, அது கடைசியில் என்னிடம் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. கூரை மருமகனுடையது. வெயில் கடவுளுடையது. இடையில் எனக்கு என்ன வேலை என்றுதான் இருந்தேன்.

டென்மார்க்கில் விபோர்க் நகரத்துக்கு வெளியே, பஸ் வந்து திரும்பிப் போகிற இடத்தில் உள்ள பழைய செங்கல் வீடொன்றில் நாங்கள் இருக்கிறோம். மகள், மருமகன், நான். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கவென்று ஓல்போர்க்குக்குப் போய்விட்டார்கள். நகரத்துக்குள் உள்ள வீடுகளுக்கு நிலத்துக்குக் கீழே குழாயில் சுடுதண்ணீர் வந்து வீடு சூடாகும். எங்கள் தெருவுக்கு அந்தக் குழாய் வரவில்லை. முன்பு எண்ணெய் எரித்துச் சூடாக்கியதைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தில் ஓடுகிற பம்பு ஒன்றை மருமகன் பூட்டினார். வெளிச்சுவரோடு ஒரு பெரிய விசிறி சுற்றும். உள்ளே சுவரில் உள்ள பெட்டியிலிருந்து சூட்டுக் காற்று வரும். குளிர்காலம் முழுவதும் அது ஓயாமல் ஓடும். மின்சாரக் கட்டணம் தொலைபேசியில் வந்து விழும்போது மருமகன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். பிறகு கண்ணாடியை இறக்குவார். ஒரு சொல்லும் சொல்லமாட்டார். அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் நான் என் அறைக்குள் இருந்து எனக்கே சொல்லிக்கொள்வேன்.

நான் அந்த வீட்டுக்கு வந்தது விழுந்ததால்தான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு ஒரு மாடிவீட்டில் தனியாக இருந்தேன். குப்பை போடப் போன இடத்தில் பனிக்கட்டி சறுக்கி இடுப்பு அடிபட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் என்னை நேரே தன்னுடைய வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இடுப்பு சுகமான பிறகு போகலாம் என்றாள். சுகமான பிறகு, மாடிவீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுப்பது வீட்டோடுதான். சீதனமாக வீடு கொடுத்து, அந்த வீட்டிலேயே ஒரு அறையில் தாய் தகப்பன் கடைசிவரை இருப்பார்கள். அதில் கூச்சமில்லை. கொடுத்த வீட்டில்தானே இருக்கிறார்கள். மகளுக்கென்று நாங்கள் வைத்திருந்த வீடு சண்டைக்காலத்தில் போய்விட்டது. வெறுங்கையோடுதான் அவளைக் கட்டிக்கொடுத்தோம். மருமகன் பக்கத்தில் அதைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இந்த வீட்டை அவரும் மகளும் வேலை செய்து, வங்கியில் கடன் எடுத்து வாங்கினார்கள். இதில் ஒரு கல்லும் நான் வைத்ததில்லை. அதனால் இந்த வீட்டில் நான் நடக்கும்போது, நிலம் என் காலை அறியக்கூடாது என்பது போலத்தான் நடப்பேன்.

மருமகனோடு நான் நேரே கதைத்ததும் இல்லை. பழைய ஆட்கள் அப்படித்தான். மருமகனுக்கு முன்னால் மாமி கதிரையில் இருக்கமாட்டாள். ஏதாவது கேட்கவேண்டுமென்றால் மகளிடம் சொல்லிக் கேட்பாள். நான் "சாப்பிட்டாச்சோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பேன். அவர் "ஓம் மாமி" என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் கதை இருந்ததில்லை. அவர் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். நல்லவர் என்பதால்தான் கூச்சம் கூடியது.

எனக்கு அரசாங்கம் தருகிற பென்ஷன் இருக்கிறது. அதிலிருந்து மாதச் செலவுக்கு என்று எடுத்து நீட்டினால் மகள் என் கையை அப்படியே மடித்துவிடுவாள். இவர் அறிந்தால் கோபிப்பார், மாமியிடம் காசு வாங்கிச் சீவிக்கிறோமோ என்று கேட்பார் என்பாள். கொடுக்கவும் விடமாட்டார்கள். அப்படியானால் நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். எடுக்காமல் இருப்பது.

காலையில் அவர்கள் இரண்டு பேரும் வெளிக்கிடுவதற்கு முன்பே தேத்தண்ணீர் ஊற்றிப் போத்தலில் அடைத்துவிடுவேன். அவர்கள் வீட்டில் இருக்கும்போது கேத்தில் கொதித்தால் அது வீட்டுக்கான செலவு. அவர்கள் போன பிறகு கொதித்தால் அது எனக்கான செலவு. அப்படி ஒரு கணக்கு என் மனதில் தானாக விழுந்துவிட்டது. கார் தெரு முனை திரும்பியதும் பம்பை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுவேன். லைற் போடமாட்டேன். குளிர்காலத்தில் இந்த நாட்டில் பகலும் பின்னேரம் மாதிரித்தான், ஆனாலும் ஜன்னலோரம் கதிரையைப் போட்டால் எழுத்துத் தெரியும். காலுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடி மேசு, வீட்டுக்காரருடைய பழைய குளிர்க்கோட்டு, மடியில் போர்வை. முந்தின நாள் சோறும் கறியும் குளிரக் குளிரச் சாப்பிடுவேன், சூடாக்கும் பெட்டியில் வைக்கமாட்டேன். சமையல், உடுப்புத் தோய்ப்பது எல்லாம் பின்னேரம், அவர்கள் வந்த பிறகு. அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பம்பைப் பழையபடி கூட்டிவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிடுவேன்.

இது ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சோலர் கதையைத் தொடக்கியது முன்வீட்டு டெனிஷ் கிழவர். அவர் தன் கூரை முழுக்கக் கறுப்புத் தகடுகளைப் பூட்டிவிட்டு, வேலியடியில் நின்று மருமகனுக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தார். அன்றிலிருந்து மருமகனுக்கு அதே நினைப்பு. கடன் எடுக்கவேண்டும், போட்ட காசு திரும்ப வர நெடுங்காலம் எடுக்கும், இந்தக் குளிர் நாட்டில் அது வருமோ வராதோ என்று தெரியாது. கோயிலில் சிநேகிதர்களிடம் கேட்டார். அவர்கள் பகிடி பண்ணினார்கள். வருடத்தில் பாதி நாள் சூரியனே லீவில் நிற்கிற நாட்டில், அண்ணை கூரையில் ஏறி யாரைப் பிடிக்கப் போகிறார் என்று ஒருவர் கேட்டாராம்.

என்னையும் மகள் கேட்டாள். எனக்கும் ஒரு சொல் இருக்கட்டுமே என்று கேட்டிருப்பாள். நான் என் அனுபவத்தைச் சொன்னேன். கோடைகாலத்தில் நல்ல வெயில் என்று நம்பிப் பின்வளவில் மோர்மிளகாய் போட்டேன். ஒரு கிழமை எரித்த வெயிலில் மிளகாய் காயவில்லை, பூஞ்சணம்தான் பிடித்தது. கடைசியில் சூட்டடுப்புக்குள் வைத்துத்தான் காப்பாற்றினேன். "இஞ்சத்தை வெயில் ஒரு மிளகாயைக் காயவைக்காது. அது எங்கையிருந்து கறண்ட் தரும்?" என்றேன். மகள் சிரித்தாள். அவள் அதைக் கொண்டுபோய் மருமகனிடம் சொல்ல, அவர் அதை வேலைத்தலத்திலும் கோயிலிலும் சொல்லியிருக்கிறார். மாமியின் மிளகாய்ச் சோதனை என்று பெயர். கொஞ்ச நாள் சோலர் கதை அடங்கிப் போனது. என்னால்தான் அடங்கியது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கடன் ஒன்று குறைந்ததே.

ஆனால் அவர் விடவில்லை. வசந்தகாலம் தொடங்கியபோது ஒரு சனிக்கிழமை, சோலர் பூட்டுகிற கம்பனி ஒன்றிலிருந்து ஆளைக் கூப்பிட்டிருந்தார். வந்தது இளம் டெனிஷ் பெடியன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினான், ஒரு மேசில் பெருவிரல் தெரிந்தது. நான் உள்ளே உறைப்புக் கறி வைத்த பற்றிஸ் பொரித்துக் கொடுத்தேன். அவன் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண் கலங்கி, இன்னொன்றும் எடுத்தான். பிறகு வெளியே போய் கூரையை அண்ணாந்து பார்த்தான். தோட்டப் பக்கம் தெற்கு, சரிவும் நல்லது, மர நிழலும் இல்லை என்றான். மருமகனுடைய முகம் மலர்ந்தது. மேசையில் வந்து இருந்ததும் மருமகன் பகிடியாக என் மிளகாய்க் கதையைச் சொன்னார். நான் குசினி வாசலில் நின்றேன்.

பெடியன் சிரிக்கவில்லை, வடிவாக விளங்கப்படுத்தினான். தகட்டுக்கு வேண்டியது சூடில்லையாம், வெளிச்சமாம். சூடு கூடினால் அதன் வேலை குறையுமாம். குளிரும் வெயிலும் சேர்ந்து வருகிற சித்திரை மாதம் மாதிரி நாட்களில்தான் அது நன்றாக வேலை செய்யுமாம். மார்கழியில் ஒன்றும் கிடையாது, அதையும் மறைக்காமல் சொன்னான். மருமகன் தலையாட்டினார். நான் மிளகாயை வைத்து நாட்டின் வெயிலை அளந்தவள். குசினிக்குள் இரண்டு அடி பின்னுக்குப் போனேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது.

சோலர் ஒரு வீட்டுக்கு வாய்க்குமா என்பது கூரையில் மட்டும் இல்லை, அந்த வீட்டுக்காரர் எந்த நேரத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்றான் பெடியன். வெயில் பகலில் வரும். பகலிலேயே எடுத்தால் ஆதாயம். மிச்சத்தை வெளியே விற்கலாம், ஆனால் அந்த நேரம் ஊரில் எல்லாக் கூரையிலும் வெயில், விலை கிடைக்காது. பின்னேரம் எல்லாரும் வீட்டுக்கு வந்து அடுப்புப் போடுகிற நேரத்தில் மின்சாரம் உச்ச விலை. ஆகவே வீட்டின் மின்சாரப் பாவிப்பைப் பார்ப்போம் என்றான். இந்த நாட்டில் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு வீடு எவ்வளவு எடுத்தது என்பது பதிவாகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மருமகன் தன் தொலைபேசியில் எதையோ அழுத்த, பெடியனுடைய கணினியில் படம் வந்தது.

குசினி வாசலிலிருந்து எனக்கும் தெரிந்தது. காலையில் ஒரு சின்ன மேடு. பிறகு நிலத்தோடு நிலமாக ஒரு கோடு. பின்னேரம் மலை மாதிரி எழும்பியது. அவன் வேறு வேறு நாட்களைத் தட்டிக் காட்டினான். குளிர்கால நாட்களும் அதே மாதிரித்தான்.

பகலில் "இங்கன் யெம்ம" என்றான் பெடியன். வீட்டில் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த கொஞ்ச டெனிஷில் அதுவும் ஒன்று, மாடிவீட்டில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். பகலில் குளிர்ப்பெட்டி மட்டும்தான் ஓடுகிறது, அதனால் இந்த வீட்டுக்கு அவ்வளவு வாய்க்காது என்றான். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பற்றரி வாங்கலாம், ஆனால் அதன் விலை பிறகு சோலரையே விழுங்கிவிடும்.

அப்படி இல்லை என்றார் மருமகன். என்னுடைய மாமி முழுநாளும் வீட்டில்தான் இருக்கிறார் என்றார்.

பெடியன் இன்னொருமுறை படத்தைப் பார்த்தான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மாமி பகலில் வெளியே போவாரோ என்று கேட்டான். மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, என் காலை. நான் இரண்டு சோடி மேசோடு நின்றேன். சனிக்கிழமையில் ஒருபோதும் அப்படிப் போடமாட்டேன், ஆள் வருகிற அவதியில் காலையிலேயே மாறிப் போட்டுவிட்டேன். மருமகனும் பார்த்தார். பெடியனும் பார்த்தான். ஒளிக்க இடம் இல்லாமல் நின்றேன். பற்றிஸ் தட்டை எடுக்கப் போகிற சாட்டில் மேசையடிக்குப் போனேன்.

பெடியன் யோசித்துச் சொல்லுங்கள் என்று தன் அட்டையை வைத்துவிட்டுப் போனான். சப்பாத்தைப் போடும்போதும் என் பக்கம் பார்க்கவில்லை. அவனுக்கும் விளங்கியிருக்கும்.

கதவு சாத்தியதும் மகள் தொடங்கினாள். அவள் வயதானவர்களைப் பராமரிக்கிற இல்லத்தில் வேலை செய்கிறவள்.

"அம்மா, என்ரை வேலை என்னெண்டு தெரியும்தானே? காலமை போனவுடனை ஒவ்வொரு கிழவியின்ரை காலையும் தொட்டுப் பாக்கிறனான். குளிருதோ எண்டு. அதுதான் முதல் வேலை." அவள் என் காலைக் காட்டினாள். "வீட்டிலை என்ரை தாய் கோட்டுப் போட்டுக்கொண்டு இருட்டுக்குள்ளை இருக்கிறா. அதை எனக்கு ஒரு சோலர்க்காரன் வந்து காட்டவேணும்."

நான் குளிரவில்லை பிள்ளை, எனக்குப் பழக்கம் என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. கொடியில் காய்கிற என்னுடைய மேசுகளை எடுத்துப் பார்த்து, எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டவள் போலத் திரும்பவும் கொடியில் போட்டாள்.

மருமகன் கதிரையை விட்டு எழும்பினார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்துச் சுவரோடு ஒதுங்கினேன். அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னோடு நேரே, நின்று, முகம் பார்த்துக் கதைத்தது அன்றுதான்.

"மாமி, நான் ஒருநாளாவது லைற் போடாதேங்கோ எண்டு சொன்னனானோ?"

"ஐயோ இல்லை."

"உங்கடை மகளட்டையும் சொல்லிவிட்டனானோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப வெளியிலை ஆரும் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? மாமியை வீட்டிலை வைச்சிருக்கிறன், ஆனால் பகலிலை வீடு காலி எண்டோ?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். என் வெட்கத்தை நான் எத்தனையோ வருடமாகத் தூக்கி வைத்துப் பழகியிருந்தேன். அது அவருக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குச் செலவு வைக்கக்கூடாது என்று இருந்தவள், அவருடைய மானத்தைத் தொட்டுவிட்டேன்.

பிறகு அவர் சொன்னார்: "சோலர் போடுறதும் விடுறதும் இனி என்ரை கையிலை இல்லை மாமி. அந்தப் பெடியன் சொன்னது கேட்டதுதானே. பகலிலை ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அது. நீங்கள் சொல்லுங்கோ. இந்த வீட்டிலை ஆள் இருக்கோ இல்லையோ எண்டு."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. நான் மிச்சம் பிடிக்கவும் இல்லை. சமையலையும் உடுப்புத் தோய்ப்பதையும் அவர்கள் வந்த பிறகு என்று வைத்தேனே, அது மின்சாரம் உச்ச விலைக்கு விற்கிற நேரம். அந்த மலையைக் கட்டியது நான்தான். குளிரையும் பட்டு, அவருக்குச் செலவையும் கூட்டியிருக்கிறேன். இதை மகளிடம் சொல்லி அழலாம் என்றால் அதற்கும் வெட்கம்.

பிறகு இரண்டு மூன்று கிழமை வீட்டில் சோலர் என்ற சொல்லே இல்லை. மருமகன் திரும்பக் கேட்கமாட்டார் என்று தெரியும். கேட்டுவிட்டார், இனி நான்தான் சொல்லவேண்டும். மகள் மட்டும் ஒருமுறை என்ன சொல்கிறீர்கள் என்றாள். அவருக்கு விருப்பமென்றால் போடட்டும் என்றேன். "அவர் உங்களைத்தானே கேட்டவர். என்னட்டைச் சொல்லி என்ன செய்யிறது? நான் இனித் தபால்காரி இல்லை" என்று போய்விட்டாள்.

சொல்வதற்கு ஒரு வசனம்தான். ஆனால் அந்த வசனத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பகலில் நான் இந்த வீட்டின் அடுப்பைப் போடுவேன், வீட்டைச் சூடாக்குவேன், வெளிச்சம் போடுவேன் என்று வாயால் சொல்லவேண்டும். கொடுக்காத வீட்டில் இருந்துகொண்டு, கொடுத்தவள் மாதிரி. நான் அதைச் சொல்லாவிட்டால் அவர் சோலர் போடப் போவதில்லை. சொன்னால் அவர் என்னை நம்பிக் கடன் எடுப்பார். பகலில் நான் பழையபடி கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தால் அந்தக் கடன் வீண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெயில், நல்ல குளிர். தேத்தண்ணீரை வழக்கமாக மகளிடம்தான் கொடுத்துவிடுவேன். அன்று நானே கொண்டுபோனேன். புல் வெட்டுகிற மெஷினை அவர் நிறுத்தினார். நான் கோப்பையை நீட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்துச் சொன்னேன்:

"பகலிலை சமைப்பன்."

அவர் கோப்பையை வாங்கினார். நானும் போகவில்லை, அவரும் குடிக்கவில்லை.

"பம்பு?" என்றார்.

"குறைக்கமாட்டன்."

"லைற்?"

"போடுவன்."

"சரி மாமி," என்றார். அவருடைய வாய்க்கோடியில் ஒரு சிரிப்பு வந்து போனது. நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்புவித்துவிட்டு, வேகமாக உள்ளே வந்துவிட்டேன். போய்க் குசினிக் கதிரையில் இருந்தேன். அவர் உள்ளே வந்தபோது எழும்ப மறந்துபோனேன்.

கோடைக்கு முன்பே தகடுகள் கூரையில் ஏறின. முதல் நல்ல வெயில் நாளில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மகள் என்று எடுத்தேன். மருமகன். வேலைத்தலத்தில் சாப்பாட்டு நேரம், பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது.

"மாமி, வெயில் வந்திட்டுது. அடுப்பைப் போடுங்கோ."

"சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டேன்.

அன்றிலிருந்து வெயில் வருகிற நாட்களில் எல்லாம் அவர் எடுப்பார். சோறு, கறி, உடுப்பு, பாத்திரம் கழுவுகிற மெஷின் எல்லாம் பகலில். வேலைவிட்டு வந்ததும் சாப்பாடு மேசையில் இருக்கும். மகள் முதல் நாள் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது என் முதுகைத் தடவினாள். வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போது வேறு பக்கத்தால் வந்தது. வெயில் அடிக்கும்போது சும்மா இருந்தால் குற்றமாகப் பட்டது. ஒருநாள் சமைக்க ஒன்றும் இல்லாமல், காய்ந்த துவாய்களைத் திரும்பவும் தோய்த்தேன்.

கோயில் திருவிழாவில் மருமகன் தன் சிநேகிதர்களுக்கு நடுவில் பெருமையாகச் சொன்னார், சோலரில் பாதி தகடு, பாதி மாமி என்று. எல்லாரும் சிரித்தார்கள். அன்னதானப் பந்தலில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், "அக்கா, உங்கடை வீட்டிலை சூரியனே வந்து சோறு வடிக்குதாம்" என்றாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவள் போன பிறகு மற்றப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் மெதுவாகச் சாய்ந்தார். வைலே நகரத்தில் மகனோடு இருக்கிறவர், வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் காண்பேன். வீட்டில் பகலில் என்ன ஓடுகிறது என்று தன் மகனும் மருமகளும் தொலைபேசியில் பார்க்கலாமோ என்று கேட்டார். ஏன் என்றேன். அவர் சுற்றிவரப் பார்த்தார்.

"நானும் பகலிலை ஒண்டும் போடுறேல்லைப் பிள்ளை. அவையள் வந்தாப்பிறகுதான்."

வெயில் அடிக்கிற நாளில் சேலைக்கு மேல் கையில்லாத கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அவருடைய கையைப் பிடித்தேன். விரல்கள் எப்படி இருந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். போடுங்கோ அக்கா என்றாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சாம்பார் வந்தது, அவர் கையை இழுத்துக்கொண்டார். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் வாசிப்பாரோ தெரியாது. அவர் மாதிரி வேறு யாராவது வாசிக்கலாம்.

பிறகு மார்கழி வந்தது. பெடியன் சொன்னது உண்மை. கூரையில் தகடுகள் இருந்தன, அவற்றுக்கு மேல் சாம்பல் வானம் இருந்தது, ஒன்றும் வரவில்லை. தொலைபேசியும் அடிக்கவில்லை. பம்பு ஓடுவது இப்போது முழுக்க மருமகனுடைய காசில். நான் வாக்குக் கொடுத்தபடி அதைக் குறைக்கவில்லை. ஆனால் லைற் மட்டும், கொஞ்ச நேரம், ஜன்னலோரம் இருந்தால் எழுத்துத் தெரியும்தானே என்று போடாமல் விட்டேன். ஒரு நாள் விட்டது அடுத்த நாளும் விட்டது. பிறகு போர்வை மடிக்கு வந்தது.

அப்படி இருந்த ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"மாமி, இண்டைக்கு வெயில் இல்லை," என்றார் மருமகன்.

"ஓம், தெரியும்."

வேலைத்தலத்து மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"லைற் போட்டிருக்கிறியளோ?"

"ஓம் தம்பி," என்றேன்.

அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பொய் சொல்கிற அவதியில் வாயில் வந்துவிட்டது. சொன்னதும் முகம் சுட்டது. தொலைபேசியைக் காதில் பிடித்தபடி, போர்வை நிலத்தில் இழுபட, சுவரைத் தடவிக்கொண்டு போய்ச் சுவிச்சைப் போட்டேன். சொன்னது உண்மையாகட்டும் என்று. பிறகு குசினி லைற்றையும் போட்டேன். கேத்திலில் தண்ணீர் விட்டு அதையும் போட்டேன்.

வீட்டில் என்ன ஓடுகிறது என்பதை அவர் அங்கே இருந்தே தொலைபேசியில் பார்ப்பார். அது உடனே காட்டுமா, நேரம் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கேத்தில் இரையத் தொடங்கும்வரை அவர் மறுபக்கத்தில் இருந்தார்.

"சரி மாமி," என்றார். "தேத்தண்ணியைக் குடியுங்கோ."